சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கணிப்பொறி உத்தியோகம்

கணிப்பொறித் துறையில் இருப்பவன் என்று ஒருவன் தன்னை அறிமுகம் செய்துகொண்ட மாத்திரத்தில், கேட்பவர் மனத்தில் கண்ணாடிச் சுவர்களும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரிசையாக நடந்து போகும் இளைஞர்களும், விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸும், அக்கம்பக்கத்தார் தாழ்ந்த குரலில் விசாரித்து வியக்கும் சம்பளமும் சேர்ந்த ஒரு சித்திரம் எழுந்துவிடுகிறது. அது பொய்ச் சித்திரம் அல்ல. 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது முதற்கொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையின் இரு மருங்கிலும் எழுந்து நிற்கும் மாளிகைகளில் லட்சக்கணக்கானவர்கள் அவ்விதமாகவே ஜீவனம் நடத்தி வருகிறார்கள். நானும் என் உத்தியோக வாழ்க்கையின் முற்பகுதியை அங்கேதான் கழித்தேன். ஆனால் இந்தத் தொழிலின் ருசியை நான் அறிந்துகொண்டது அந்த மாளிகைகளில் அல்ல. சிந்தாதிரிப்பேட்டையில், கீழே மோட்டார் பம்பு விற்கும் கடையும் மேலே ஒரு நீண்ட கூடமுமாக உள்ள பழைய வீடொன்றின் மாடியில், ஏழெட்டுப் பேர் மாத்திரம் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சிறிய ஆபீஸில்தான்.

எங்கள் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-களில் தமிழ்ப் பதிப்பகங்களும் பத்திரிகைகளும் ஈய எழுத்தைக் கைவிட்டுக் கணிப்பொறிக்கு மாறிய காலத்தில், எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறை 1991-ல் வெளியான தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தபோதிலும், பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் அதற்கு இசைந்துவர வெகு காலம் பிடித்தது. அதுவரையில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தத்தம் சௌகரியம் போலத் தமிழை உட்கார வைத்தார்கள். ஒருவர் ககரத்தை வைத்த ஸ்தானத்தில் மற்றொருவர் கொம்பை வைத்தார். மூன்றாமவர் அதே இடத்தில் ஓர் ஆச்சரியக்குறியை வைத்தார். அதனால் திருவல்லிக்கேணியில் ஓர் எழுத்துருவில் கோத்த நாவலை, அந்த எழுத்துரு இல்லாத மயிலாப்பூர்க் கணிப்பொறியில் திறந்தால், கதாநாயகி பேச வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அடைப்புக்குறிகளும் விகாரமாகக் கலந்து நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்று, பொதுவான விசைப்பலகை ஒன்றையும் எழுத்து முறைகளையும் வகுத்துக் கொடுத்தது. ஆனால் முன்பே கோத்து வைத்த ஆயிரக்கணக்கான நூல்கள் இருந்த நிலையிலேயே இருந்தன. அவற்றைப் பதிப்பகத்தார் பழைய குறுந்தகடுகளிலும், மூச்சுத் திணறும் ஹார்டு டிஸ்க்குகளிலும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம்.

இதில் ஓர் இயல்பு உண்டு. செய்த வேலை சரியாக இருந்தால் அதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பது கை எழுதும் வரிசையில், முதலில் கொம்பும் பிறகு ககரமுமாகப் பதிவாகியிருக்கும். யூனிகோடிலோ நாக்கு உச்சரிக்கும் வரிசையில், முதலில் ககரமும் பிறகு எகரக் குறியுமாகப் பதிவாக வேண்டும். ஒரு பெரிய நாவலில் இவ்விதம் லட்சம் கொம்புகளுக்கு மேல் இடம் மாறி அமர்ந்த பிறகும், வாசகர் கண்ணுக்கு அது முன்பு இருந்தபடியேதான் தோன்றும். ஒன்றே ஒன்று தவறிப் போனால் மாத்திரம் டெலிபோன் வரும். புகழுக்கு வழியில்லாத இப்படிப்பட்ட உத்தியோகத்தில் ஒருவன் வருஷக்கணக்காக மனம் சலியாமல் இருப்பதற்கு, வேலையின் இடுக்குகளில் தாமாக முளைக்கும் சின்னஞ்சிறு சந்தோஷங்களைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது என்பது என் திடமான அபிப்பிராயம். அவை அற்பமானவை, ஆனால் ஏற்பாடு செய்து வரவழைக்கக் கூடியவை அல்ல.

ஏற்பாடு செய்து வரவழைக்கும் சந்தோஷத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த பெரிய ஸ்தாபனத்தில் ஊழியர்களின் உல்லாசத்துக்காகத் தனி இலாகாவே இருந்தது. மேஜைப் பந்து இருந்தது, தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது, பத்து விதமான ஆகாரம் கிடைக்கும் விசாலமான போஜனசாலை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சிரிக்க வேண்டிய நேரத்தைக் குறிப்பிட்டுக் கடிதம்கூட வரும். வசதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தினந்தோறும் கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு எப்படி நாக்குச் செத்துப் போகுமோ அப்படி எனக்கு ஆகிவிட்டது. எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே கிடைத்தபடியால் தெருவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. தெருவுக்குப் போகாதபடியால், நம் தொழிலைச் சேராத மனுஷர் ஒருவருடன் பகற்பொழுதில் நாலு வார்த்தை பேசும் சந்தர்ப்பம் வாரக்கணக்கில் வாய்க்காது. சிந்தாதிரிப்பேட்டை ஆபீஸில் குடிப்பதற்குத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. அதுவே அதன் பெரிய அனுகூலம்.

இந்தப் பேட்டை தொழில் செய்வோருக்கென்றே உண்டான ஊர். 1734-ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த காலத்தில், கம்பெனியாரின் துணி வியாபாரத்துக்காக நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்ற வேண்டுமென்று தீர்மானித்து, அதற்கு முன் சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில், கூவம் நதி வளைந்தோடும் மடியில் இதை ஏற்படுத்தினார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் இங்கே அக்கம்பக்கமாகக் கோயில் கொண்டிருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோ பாதிரியார் இங்கே இருந்து ஊழியம் செய்தார். 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் அடங்கிய அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1862-ல் வெளிவந்தது. சொற்பட்டியல் ஒன்றை எங்கள் நிரலுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கும் மத்தியான வேளைகளில், மின்சாரமும் மின்விசிறியும் இல்லாமல் இதே பேட்டையின் புழுக்கத்தில் அத்தனை சொற்களோடு மல்லுக்கட்டிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு என் சிரமங்களைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும்.

மயிலாப்பூரிலிருந்து இங்கே வர நான் பறக்கும் ரயிலைத்தான் நம்பியிருக்கிறேன். 1995-ல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஆரம்பித்து, 1997-ல் மயிலைக்கும், பத்து வருஷம் கழித்து வேளச்சேரிக்கும் நீண்ட பாதை இது. ஸ்டேஷன்களின் பிரம்மாண்டத்துக்கும் அவற்றில் காணப்படும் ஜனங்களின் தொகைக்கும் சம்பந்தமில்லை என்று பலரும் பரிகசிப்பதுண்டு. ஆயினும் கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என்று மாடிகளின் மட்டத்திலேயே ஊர்ந்து, துணி உலர்த்துவோரையும் பல் தேய்ப்போரையும் பார்த்துக்கொண்டே போய்க் கூவத்தைக் கடந்து இறங்கும் அந்தச் சொற்ப நேரப் பிரயாணம், அண்ணா சாலை நெரிசலில் அகப்பட்டவனுக்குக் கிட்டாத பாக்கியம். சிந்தாதிரிப்பேட்டைக்கும் ரயிலுக்கும் பழைய உறவு உண்டு. பம்பாய்க்கும் தாணாவுக்கும் 1853-ல் ரயில் ஓடியதை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம்; அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1837-ல், ஆர்தர் காட்டனின் முயற்சியால் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரையில் சாலை போடுவதற்குக் கல் ஏற்றிவந்த ரயில் பாதை ஒன்று இருந்தது.

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இருப்புப் பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டு கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரையில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். கடற்கரைக்கும் கோட்டைக்கும் போக வேண்டியவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. அவர்களுடைய சாபத்துக்கெல்லாம் நடுவில், எனக்கு மாத்திரம் அது ஒரு யோக காலமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இதுதான்: மாலையில் வண்டி எங்கள் ஸ்டேஷனிலிருந்தே கிளம்பியது. காலி வண்டி, விளக்கு எரிந்துகொண்டு, கதவுகள் திறந்து, நமக்காகவே காத்திருப்பது போல நிற்கும். எந்தப் பக்கத்து ஜன்னல் வேண்டும் என்று யோசித்துத் தீர்மானிக்கிற சுதந்திரம் சென்னை நகரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மறுபடியும் கடற்கரை வரையில் வண்டி ஓடத் தொடங்கிய அன்று ஊர் முழுவதும் சந்தோஷப்பட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் மற்றவர்கள் வருமுன் ஆபீஸை அடைவது என் வழக்கம். ஜன்னல் கதவுகளைத் திறந்ததும் கீழிருந்து பம்பு சாமான்களின் எண்ணெய் வாசனையும், காற்று அந்தப் பக்கமாக அடித்தால் மீன் மார்க்கெட்டின் வாசனையும், யாரோ ஒரு வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தால் அதன் புகையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். கணிப்பொறி விழித்தெழ எடுத்துக்கொள்ளும் அந்தச் சில வினாடிகளில் ஒன்றும் செய்ய முடியாது என்பதே ஒரு சுகம். பிறகு தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையில் பழகிய விரல்களுக்கு அது ஒரு தனி இன்பம்: உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் இருப்பதால் இரு கைகளும் மாறிமாறி இயங்கும், ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானாகவே புள்ளி பெறும், ஙகரத்தின் பின் ககரம் வந்தால் நாம் கேளாமலே 'ங்க' ஆகிவிடும். தமிழின் சுபாவத்தை அறிந்தவர்கள் வகுத்த முறை இது. கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் இளைஞர்களிடம் இதன் அருமையை எத்தனையோ தடவை எடுத்துரைத்திருக்கிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள், மாறுவதில்லை.

எங்கள் ஆபீஸில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளவயதில் அச்சகமொன்றில் கம்பாசிட்டராக இருந்து, நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட கேஸின் முன் நின்றுகொண்டே ஈய எழுத்துக்களைப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கியவர்; 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, ணை, லை, னை முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் வழக்கொழிந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர்; பிற்பாடு கணிப்பொறியையும் கற்றுக்கொண்டவர். ஈயப் பக்கத்தைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் படித்த பழக்கத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள காகிதத்தை மேஜைக்கு அப்பாலிருந்தே வாசித்து, "மூணாவது வரியில ஒத்து விட்டுப் போச்சு" என்று நிதானமாகச் சொல்வார். அந்தக் குரலைக் கேட்பதே எங்கள் ஆபீஸின் நித்திய ஆனந்தங்களில் ஒன்று.

அவரைப் பற்றிச் சொல்லும்போது பௌர்ணமி விவகாரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. விரத தினங்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றை நாங்கள் மாற்றிக் கொடுத்திருந்தோம். மின்னூலாக அது வெளிவந்த சில நாட்களில், 'பௌர்ணமி' என்று தேடினால் முன்னுரையில் உள்ள ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் அகப்படவில்லை என்று பதிப்பகத்திலிருந்து செய்தி வந்தது. புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பௌர்ணமி. கண்ணால் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றே. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, அந்தச் சொற்களில் ஒன்றை எடுத்து, முதலெழுத்தின் முடிவில் திரைக்குறியை நிறுத்தி, நீக்கு விசையை ஒரு முறை தட்டினாள். ஔகாரக் குறி முழுவதும் போய் 'ப' மாத்திரம் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை, 'பெ' நின்றது. அதாவது அங்கே இருந்தது பகரமும் ஔகாரக் குறியும் அல்ல. கொம்பு போட்ட பகரமும், அதன் பக்கத்தில் ஒன்றும் அறியாததுபோல் நின்ற ஒரு சாக்ஷாத் ளகரமும். தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்கென்று தனி உறுப்பு இல்லாமல் ளகரத்தையே அதற்கும் உபயோகித்துப் பழகிய கைகள், கணிப்பொறிக்கு வந்த பிறகும் அவ்வாறே தட்டிக்கொண்டிருந்தன; முன்னுரையை மாத்திரம் வேறு யாரோ தட்டியிருந்தார்கள்.

நோய் தெரிந்ததும் மருந்து சுலபம் என்று தோன்றும். கொம்புள்ள மெய்யின் பின் ளகரம் வந்தால் அதை ஔகாரமாக்கிவிடு என்று அந்தப் பெண் காகிதத்தில் ஒரு விதியை எழுதிக் காட்டினாள். பெரியவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அப்போ கெளுத்தி இன்னா ஆவும்?"

"அது என்ன ஸார் கெளுத்தி?"

"மீனும்மா. ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டாண்ட வா, காட்டறேன்."

கெளுத்தி மாத்திரமா? வெள்ளமும் வெளிச்சமும் தெளிவும் அல்லவா அடிபட்டுப் போயிருக்கும்! ளகரத்துக்குப் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அதைத் தொடக் கூடாது என்று விதியைத் திருத்தினாள். கௌரியும் மௌனமும் கௌதமரும் தப்பினார்கள், கெளுத்தியும் தப்பியது. அத்துடன் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருக்க, மறுநாள் காலையில் அவளே ஒரு பட்டியலோடு வந்தாள். முந்தின இரவு வீட்டில் பாட்டி பேசியதைக் கேட்டபோது அவளுக்கு உதித்த யோசனை அது: 'வெளயாட்டு', 'வெளக்கு', 'வெளச்சல்', 'வெளக்கமாறு'. பேச்சுவழக்கில் எழுதிய சிறுகதைகள் அனைத்திலும் இந்தச் சொற்கள் உண்டு. இவற்றில் ளகரம் புள்ளியின்றி, குறியின்றி, கொம்பின் பின்னால் நியாயமாகவே நிற்கிறது. எங்கள் விதி இயங்கியிருந்தால் வட்டார இலக்கியத்தின் மாமியார்கள் எல்லோரும் 'வௌக்கமாறு' எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அதைத் திரையில் ஒரு முறை தட்டிப் பார்த்துப் பெரியவர் சிரித்த சிரிப்பில் கீழே பம்புக் கடைக்காரர் தலையை நீட்டி, "இன்னா ஸார் விசேஷம்?" என்றார். இறுதியில் பொதுவிதியோடு ஒரு விலக்குப் பட்டியலும் சேர்ந்தது; அந்தப் பட்டியல் இன்றும் வளர்ந்துகொண்டு வருகிறது. கெளுத்திதான் அதன் முதல் வரி. விதிப்படி அதற்கு அங்கே இடம் வேண்டியதில்லை, மரியாதைக்காக வைத்திருக்கிறோம்.

பதினொரு மணிக்குத் தேநீர். முனைக் கடையில் மாஸ்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே வேலையின் நிலைமையைக் கண்டுபிடித்துவிடுவார். நிரல் ஓடவில்லையென்றால் கேளாமலே ஸ்ட்ராங்காகப் போடுவார்; ஓடிவிட்டால் ஒரு மசால்வடையையும் தட்டில் வைப்பார், அதற்குக் காசு வாங்கத் தவறவும் மாட்டார். அங்கே நிற்கும் கூட்டத்தில் மீன் கூடை இறக்கிவிட்டு வந்தவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கோர்ட்டு குமாஸ்தா, புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரிக்கிறவர் என்று எல்லோரும் உண்டு. இவர்களில் ஒருவருக்கும் யூனிகோடு என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்ற ஆசையும் கிடையாது. காலை முழுவதும் ஒரு கொம்பின் பின்னால் அலைந்தவனுக்கு அந்த அலட்சியத்தைப் போன்ற அருமருந்து இல்லை. பல தடவை, விடை தெரியாமல் மாடியிலிருந்து இறங்கி, தேநீரைக் கையில் வாங்கி, கார் பிரிக்கும் கலையைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டு, திரும்பி மாடிப்படி ஏறும்போது மூன்றாம் படியிலோ நாலாம் படியிலோ விடை வந்து நிற்கும். ஏன் அப்படி என்று விஞ்ஞானிகள் சொல்லட்டும்.

ரிச்சி தெரு நடந்து போகும் தூரத்தில் இருப்பது மற்றொரு பாக்கியம். நரசிங்கபுரம், மீரான் சாகிபு தெரு என்று கிளைத்துப் பரவும் அந்தக் கடைத்தெருவில் மின்னணுச் சாமான் எதுவும் கிடைக்காமல் போகாது. பத்து ரூபாய் வயரிலிருந்து லட்ச ரூபாய் சர்வர் வரையில் ஒரே சந்தில் வாங்கலாம். எங்கள் பழைய கணிப்பொறி ஒன்று ஒவ்வொரு நாள் காலையிலும் தேதியை மறந்து, பல வருஷங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில் விழித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் வட்ட வடிவமான சிறு பேட்டரி தீர்ந்துபோனதன் லட்சணம் அது. பேட்டரியின் பெயர் சி.ஆர். 2032: இருபது மில்லிமீட்டர் குறுக்களவு, மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவைச் சொல்லிவிடும் நாணயமான பொருள். பெரிய ஸ்தாபனத்தில் இருந்தபோது இப்படியொரு கோளாறு நேர்ந்தால் விண்ணப்பம் எழுதி, அதற்கு எண் வாங்கி, இலாகாவிலிருந்து ஆள் வரும் வரையில் காத்திருப்போம். இங்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, "அண்ணே, ட்வென்டி தர்ட்டி டூ ஒண்ணு" என்று கேட்டு வாங்கி, சாலிடரிங் புகையின் வாசனை மிதக்கும் ரிப்பேர்க் கடைகளைச் சற்றே வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி, நகத்தால் நெம்பிப் பழையதை எடுத்துப் புதியதை அழுத்தினால், அது 'டக்' என்று உட்காரும். தேதி நிலைக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டங்களில் பங்குகொண்டபோதும் அந்த 'டக்'குக்கு நிகரான திருப்தியை நான் அடைந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விஸ்தரிக்க வேண்டாம். டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்த பின் எது யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை என்று சொன்னால் போதும். ஆயுத பூஜையைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. திரைகளுக்கும் விசைப்பலகைகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் சுண்டலும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பது எங்களிடமும் உண்டு. ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சாஸ்திரம். வாடிக்கைக்காரர்களின் நூல்களைத் தாங்கும் சர்வரை நிறுத்தக் கூடாது என்பது ஒப்பந்தம். பெரியவர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்: சர்வருக்குப் பொட்டு இட்டு, அதன் திரையை மட்டும் அணைத்துவிடுவது. சாஸ்திரமும் ஒப்பந்தமும் அன்று முதல் சமாதானமாக இருக்கின்றன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்தே வேலை செய்தோம். வேலைக்குக் குறைவில்லை, ஒரு கோப்புக்கூடத் தாமதமாகவில்லை. உள்ளே இருந்த அறையில் மின்விசிறியின் கீழ் எல்லாம் செவ்வனே நடந்தது. ஆனால் விடைகள் தாமதமாக வந்தன. ஏறுவதற்கு மாடிப்படி இல்லை. மேஜைக்கு அப்பாலிருந்து தலைகீழாகப் படிக்கிறவரும் இல்லை.

நாங்கள் மாற்றிக் கொடுத்த நூல்கள் பல, திருத்தங்களோடு மறுபடியும் காகிதத்திலும் வெளிவருகின்றன. அவற்றில் பதிப்பாளர் பெயர் இருக்கும், அட்டை வரைந்தவர் பெயர் இருக்கும், 'ஒளியச்சு' என்று பக்கம் கோத்தவர் பெயரும் இருக்கும். கொம்பை இடம் மாற்றியவர்களுக்கு இன்னும் ஒரு வரி ஏற்படவில்லை. அதற்காக எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு இப்போதெல்லாம் ஜனவரியில் நந்தனத்துக்குப் போகிறேன். அரங்கு அரங்காக நுழைந்து, எங்கள் கையில் பட்ட புத்தகத்தை எடுத்து, கதையை விட்டுவிட்டு ஔகாரங்களைத் தேடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் ஆழ்ந்த ரசிகன் என்று எண்ணி வழிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால், வாங்கிய புத்தகத்தை இன்னொரு முறை வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு. வீட்டில் இதற்கு என்ன பெயர் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ தமிழ் எழுதுகிறவராக இருந்தால், மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால் போன்ற சொற்களில் கொம்பும் ளகரமுமாகத் தட்டாதீர்கள். மெய்யை அடுத்து ஔகாரத்துக்கு உரிய விசையையே தட்டுங்கள். எங்கள் சந்தோஷங்களில் ஒன்று இதனால் குறையும். பாதகமில்லை, மிச்சம் நிறைய இருக்கின்றன. சந்தேகம் தோன்றினால் அந்த எழுத்தின் முடிவில் நீக்கு விசையை ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள்: 'ம' நின்றால் நீங்கள் எழுதியது சரி, 'மெ' நின்றால் அந்தச் சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் அது அகப்படாது.